இருபத்தாறு டிகிரி

மாலை 6.10. வேலையிலிருந்து வந்த மகள் கதவைத் திறந்தபோது, அப்பா கட்டிலில் இறந்து கிடந்தார். உடல் சூடு தாங்காமல் போன உயிர் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை 6.40. அந்தக் கடைசி மாடி அறையை இன்ஸ்பெக்டர் இரவு முழுக்கப் பூட்டி வைத்திருந்தாள். இப்போது உள்ளே ஐந்து பேர்: அவள், இறந்தவரின் மகள், மகளின் தம்பி, கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட், எலக்ட்ரீஷியன். ஜன்னல்கள் மூடியிருந்தன. மெத்தையில் ஆள் அளவுக்கு வியர்வைக் கறை. அறை புளித்து நாறியது.

ஆர்க்கிடெக்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி செல்போனை நீட்டினார்.

"சுவத்துல இருக்கற சென்சார் அனுப்பினது மேடம். நேத்து மூணு மணிக்கு இருபத்தாறு டிகிரி. ஏசி இல்லாமலே. என் டிசைன்ல சூட்டால யாரும் சாக முடியாது."

திரையில் மூன்று எண்கள். வெப்பம் 26. ஈரப்பதம் 70. கரியமில வாயு 415. எல்லாம் பச்சை.

தம்பி அக்காவைப் பார்த்தான். "அப்ப அப்பா எங்க இருந்தாரு? மொட்டை மாடியில விட்டுப் பூட்டிட்டுப் போயிட்டியா? பாத்துக்க முடியலன்னு வாய் விட்டுச் சொல்லியிருக்கலாமேக்கா."

"இந்தக் கட்டில்லதான்டா இருந்தாரு. கதவத் திறந்ததும் முகத்துல அனல் அடிச்சுது."

"போன் பொய் சொல்லுமா?"

காலை 6.55. இன்ஸ்பெக்டர் மொட்டை மாடிக்கு ஏறினாள். கதவுத் தாழ்ப்பாளின் மேல் பழைய சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். ஆர்க்கிடெக்ட் தந்த கூரை வரைபடத்தில் வெப்பத்தடுப்புப் பலகையும் வெள்ளை ஓடும் இருந்தன. இங்கே வெறும் கறுப்புத் தார்.

காலை 7.15. அறைக்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டியது.

"இப்ப கரியமில வாயு எவ்வளவு சார்?" திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் ஆர்க்கிடெக்டைக் கேட்டாள்.

"நானூத்திப் பதினஞ்சு."

"அரை மணி நேரத்துக்கு மேல மூடின ரூம்ல அஞ்சு பேர் மூச்சு விட்டிருக்கோம். இந்நேரம் ரெண்டு மடங்காவது ஏறியிருக்கணும். அந்த எண்ணு ஆளில்லாத இடத்தோடது."

சுவரில் இருந்த சென்சாரின் வெள்ளை டப்பாவை அவள் நெம்பித் திறந்தாள். உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடுகளும் எச்சமும் மட்டுமே.

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான். "சார்தான் உள்ள இருக்கறத மட்டும் கழட்டச் சொன்னாரு. கீழ்த்தளத்துல தண்ணித் தொட்டி ரூம்ல இருக்கு. அங்க எப்பவும் குளிர்ச்சி."

காலை 7.30. தண்ணீர்த் தொட்டி அறையில் விளக்கைப் போட்டதும் கரப்பான்கள் சிதறி ஓடின. பாசி பிடித்த குழாயில் கம்பியால் கட்டித் தொங்கியது சென்சார்.

"கூரையில பலகை போடாம விட்டுட்டு, அத மறைக்க இத இங்க தொங்க விட்டீங்க. சாவுக்குக் காரணம் நீங்கதான்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஏசி இல்லாமலே குளிர்ச்சின்னு ஒரு வருஷக் கணக்கு காட்டினாத்தான் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று," என்றார் ஆர்க்கிடெக்ட். "அடுத்த மாசம் அது கைக்கு வந்ததும் திருப்பி மாட்டியிருப்பேன்." கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

 

தம்பி அக்காவின் கையைப் பிடிக்கப் போனான். அவள் விலகிக்கொண்டாள். அவள் செல்போனிலும் அதே பச்சைத் திரை.

"ரெண்டு மணிக்கு அப்பா போன் பண்ணாரு. வேகுது, வந்துட்டுப் போம்மான்னாரு." அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இதப் பாத்துட்டு, இருபத்தாறுதான்ப்பா இருக்கு, பேசாம படுங்கன்னேன்."