ஒத்திகைக் கொள்ளைக்காரன்

“பணத்தை எடுத்து மேல வை! சத்தம் போட்டே... தொலைஞ்சே!”

முகமூடிக்காரன் மேஜையை ஓங்கி அறைந்தான். மேஜைக்குப் பின்னால் கேஷியராக உட்கார்ந்திருந்த அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. இது பயிற்சி வகுப்பு, சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் கூட்டுறவுக் கடன் சங்க ஊழியர்கள், நடப்பது வெறும் ஒத்திகை... எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கைக்குத்தான் தெரியவில்லை. கனமான ஸ்டேப்ளர் பறந்தது.

“ஐயோ அம்மா!” என்றான் கொள்ளைக்காரன்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவன் முகமூடியைக் கழற்றினான். இடது புருவத்துக்கு மேல் ரத்தம் கசிந்தது. அதன் கீழே பெரிய கண்கள்... கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவளையே பார்த்தன.

“ஏங்க... நான் வேற கிளையில கடன் பிரிவு கிளார்க்குங்க. மேடம் மாஸ்க்கைக் குடுத்து நடிக்கச் சொன்னாங்க. அதுக்கு மண்டையையா உடைப்பீங்க?”

மன்னிப்பு அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்த சொல் உள்ளேயே திரும்பிப் போனது.

“கொள்ளையடிக்க வந்தா அடிதான் விழும்,” என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பயிற்சி மேடம் சிரிக்கவில்லை. “நிஜத் திருடனா இருந்தா உங்க பக்கத்துல இருக்கிறவங்க கதி என்ன? கையைத் தூக்கணும், கேட்டதைக் குடுக்கணும், ஆளை நல்லாக் கவனிக்கணும். கேஷியர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். நாளைக்குக் காலையில மறுபடியும் செய்யுங்க. அதுலயும் தவறினா உங்களைக் கவுண்டர்ல உட்கார வைக்க முடியாது.” அவன் பக்கம் திரும்பினார். “நீங்கதான் மறுபடியும் திருடன்.”

“மேடம், எனக்கு இருக்கிறது ஒரே மண்டை...” என்று அவன் முனகினான்.

மதியம் கடன் வழங்கும் பயிற்சி. அவள் அதிகாரி, அவன் விண்ணப்பதாரர். வேண்டுமென்றே இப்படி ஜோடி சேர்த்திருப்பார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

“எதுக்குக் கடன்?”

“ஹெல்மெட் வாங்க.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “ஜாமீன் போட யார் இருக்காங்க?”

“இனிமேதான் தேடணும். இன்னும் கல்யாணம் ஆகல.”

“அதை நான் கேட்கல!”

“தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுதானே...”

“உங்களுக்குக் கடன் கிடையாது. அடுத்தவங்களைக் கூப்பிடுங்க!” என்றாள் அவள். காது மடல் ஏனோ சூடாகியிருந்தது.

தேநீர் இடைவேளையில் அவள் வராந்தாவின் கோடியில் நின்று போனில் பேசினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி எதிர்முனைக் குரல் கேட்டது.

“தவறிட்டியா? அப்ப ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வா. ஒரு தடவை நீ பயந்து நடுங்கினதைப் பார்த்தது போதும்மா எனக்கு.”

“அண்ணா... நாளைக்கு இன்னொரு தடவை...”

அவள் போனை அணைத்துத் திரும்பியபோது, கையில் இரண்டு டம்ளர்களோடு அவன் நின்றிருந்தான்.

“ஒட்டுக் கேட்கிறீங்களா?”

“டீ கொண்டு வந்தேன்... காதை எங்க கழட்டி வைக்கிறது?”

அவள் சிரிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எங்க கிளையில நிஜமாவே கொள்ளை நடந்துச்சு. பக்கத்து சீட்டு அக்காவைப் பிடிச்சுத் தள்ளினான். கை முறிஞ்சு போச்சு. நான் கையைத் தூக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். இனிமே அப்படி நிக்கவே கூடாதுன்னு...”

அவன் டம்ளர்களைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “நீங்க அப்படி நின்னதாலதான் அந்த அக்காவுக்குக் கையோட போச்சு. நீங்க அசைஞ்சிருந்தா...”

“உங்களுக்கு என்ன தெரியும்!”

அவன் கண்கள் சட்டென்று தாழ்ந்தன. அவள் விறுவிறுவென்று நடந்தாள். வாசலருகே நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “நாளைக்குப் பாவம் பார்த்து மெதுவாக் கத்தாதீங்க. இரக்கத்துல பாஸானா நான் அண்ணன் முகத்துல முழிக்க முடியாது.”

மறுநாள் காலை. மழை விடவில்லை. மேஜைக்குப் பின்னால் அவள் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே, முகமூடிக்குள் அவனுக்கு வியர்த்தது. ‘இவளை நான் பயமுறுத்தணும்... பயமுறுத்தலேன்னா இரக்கப்பட்டேன்னு கோபப்படுவா. பயமுறுத்தினா என்னைப் பார்த்தாலே நடுங்குவாளோ...’

கதவு படீரென்று திறந்தது.

“எடுடி பணத்தை!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசையில் யாரோ “அம்மாடி” என்றார்கள். அவள் வலது கை ஸ்டேப்ளரை நோக்கி நகர்ந்தது... விரல் நுனி அதைத் தொட்டது... ‘நீங்க அசைஞ்சிருந்தா...’ அவன் பாதியில் விட்ட வாக்கியம் அவளுக்குள் ஓடியது. விரல்கள் விலகின. இரண்டு கைகளும் மேலே எழுந்தன. கண்கள் நிறைந்து வழிந்தன. ஆனாலும் அவனையே உற்றுப் பார்த்தாள். பணக்கட்டை நகர்த்தினாள். அவன் வாரிக்கொண்டு ஓடினான்.

“போலீஸ் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றார் மேடம்.

“நல்ல உயரம். ஒல்லி. மாஸ்க் ஓட்டையில தெரிஞ்ச இடது புருவம் வீங்கியிருக்கு.” கன்னத்தைத் துடைத்தாள். “கண்ணு...”

“கண்ணு?”

“என்னைவிட அதிகமா பயந்து போயிருந்துது மேடம்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடம்கூட இந்த முறை சிரித்துவிட்டார். “பாஸ். போய்த் தண்ணி குடிங்க.”

வாசல் கூரையின் கீழ் அவன் தனியாக நின்றிருந்தான். முகமூடியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். அவள் அருகில் போய் நின்றாள். சாரல் இருவர் மேலும் அடித்தது.

“வலிக்குதா?”

“நெத்தியா? இல்ல.” அவளைப் பார்க்காமல் சொன்னான். “உங்க கண்ணுல தண்ணி வந்துச்சு பாருங்க... அதுதான். அப்பவே மாஸ்க்கைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடி வரணும்போல இருந்துச்சு. இனி என் வாயிலேருந்து உங்ககிட்ட ஒரு அதட்டல்கூட வராது. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க.”

மழை இரைந்தது. அவள் அவன் கையிலிருந்த முகமூடியை வாங்கி, அதன் சுருக்கங்களை நீவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு உயிரே போய்வந்தது.

“எங்க அண்ணன் ரொம்பக் கோபக்காரர்...”

“உங்களைவிடவா?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வருவார். பயப்படாமப் பேசுவீங்களா?”

“பயந்துக்கிட்டேதான் பேசுவேன். ஆனா பேசுவேன்.”

“அப்ப நானும் பக்கத்துல நிக்கிறேன்.” தலை குனிந்தது. குரல் மழையில் பாதி கரைந்தது. “எனக்கும்... பிடிச்சிருக்கு.”