பொறி வட்டத்தில் ஒருவன்

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறக்காமலே ரிசீவரை எடுத்தார். ரோந்து முடிந்து அப்போதுதான் மேஜையில் தலை சாய்த்திருந்தார்.

"சார்... பழைய பஞ்சு குடோன்ல தீ! உள்ள ஒரு பாடி!"

ஏட்டின் குரல்.

"பாடி எங்கேயும் ஓடாது. வர்றேன்..."

குடோனில் கரி வாடை. அதையும் மீறி பெட்ரோல் வாடை!

இறந்தவன் போட்டோகிராபர். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, பகலையே இருட்டாக்குவான். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சங்கிலியில் கட்டி, கொளுத்தி, யாராவது சுழற்ற வேண்டும். தெறிக்கும் பொறிகளை ஒரே படத்தில் நெருப்பு வட்டமாகப் பிடிப்பான். அதில் புதுசு புதுசாகச் சோதனை செய்வதுதான் அவனுக்குப் பைத்தியம்.

வாசலில் அவன் மச்சான். மனைவியின் அண்ணன். இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன.

"நான்தான் சார் கொன்னேன்!"

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

"எப்படி?"

"வெளிய தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு அடியில பெட்ரோல் ஊத்தினேன். உள்ள பொறி பறந்துட்டிருந்துச்சு... பத்திக்கிச்சு."

"கை?"

"மனசு கேக்கல. கதவைத் திறக்கப் போனேன்... சுட்டுடுச்சு."

ஏட்டு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அப்போதுதான் போலீஸ் போட்டோகிராபர் லேப்டாப்போடு வந்தார்.

"கேமரா கருகிடுச்சு சார். கார்டு தப்பிச்சிடுச்சு. இதான் கடைசிப் படம்."

கறுப்பு இருட்டு. நடுவில் நெருப்பு வட்டம். கதவுக்கு அடியிலிருந்து பாம்பு மாதிரி ஓடி வரும் தீ...

வட்டத்தின் மையத்தில், சங்கிலியோடு ஒருவன்... மச்சான்!

"ஷட்டர் ரொம்ப நேரம் திறந்திருக்கும் சார். நடமாடுறவன் படத்துல விழமாட்டான். நின்ன இடத்துலயே நின்னு சுத்துறவன் விழுவான்."

இன்ஸ்பெக்டர் மச்சானிடம் திரும்பினார்.

"உள்ள நின்னு சங்கிலி சுத்தினது நீ. அப்போ வெளிய நின்னு ஊத்தினது யாருப்பா?"

அவன் உடைந்தான்.

"ஜன்னலை உடைச்சு நான் மட்டும் வெளிய விழுந்தேன் சார்... அதுக்கு முன்னாடி கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டுச்சு. என் தங்கச்சி! தினமும் அடி வாங்கிட்டுக் கிடந்தா. நான் உள்ள இருந்தது அவளுக்குத் தெரியாது... விட்டுடுங்க சார்!"

"அவங்களை வரச் சொல்லியாச்சு," என்றார் ஏட்டு மெதுவாக.

ஜீப் நின்றது. இறங்கியவள் கண்களில் ஈரமில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

உறைந்தாள்!

"அண்ணே... நீ எப்படி வெளிய வந்தே?"

அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நான் உள்ள இருக்கேன்னு... உனக்குத் தெரியுமா?"

அவள் இருமினாள். மறைக்கவும் தெம்பில்லாதவள் போல ஜீப்பின் படியில் உட்கார்ந்தாள்.

"அடிச்சவன் அவன். ஓடி வந்தப்ப எல்லாம், 'அனுசரிச்சுப் போ'ன்னு என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டவன் நீ. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

மச்சான் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான்.

"சார்... நான் குடுத்த வாக்குமூலம்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கிழிச்சிடுங்க ஏட்டு. பாசத்துக்கெல்லாம் நம்மகிட்ட செக்‌ஷன் கிடையாது!"