கூலர் ஓடுது... ஜன்னல் சாத்தியிருக்கு!

ரமோனாவின் மடியில் போன் அலறியது.

எடுத்தாள். டூசானிலிருந்து மகள் டீனா.

"அம்மா! எங்கே இருக்கீங்க?"

"பாலைவனத்துல. எங்கே பார்த்தாலும் கள்ளி... திரும்பினா உங்கப்பா. பதினோரு நாளா வேற ஒண்ணும் பார்க்கலேடி."

"விளையாடாதேம்மா! நீங்க வர்ற ரோட்டுல காலைல ஒரு பெட்ரோல் பங்க்ல கொள்ளை. பங்க்காரரைக் கத்தியால குத்திட்டு ஓடியிருக்கானுங்க. ரேடியோல சொன்னாங்க. அதுல ஒருத்தன் நல்ல உயரமாம். தனியா பிரிஞ்சு ஓடிட்டானாம். கூட இருந்த ரெண்டு பேர்..."

"அந்த ரெண்டு பேர்...?"

கொர்ர்ர்...

லைன் செத்துவிட்டது. அந்தப் பக்கத்து மலைகளுக்கு நடுவே சிக்னல் வருவதே பெரிய விஷயம்.

"என்னவாம்?" என்றார் எலோய், ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னாள்.

"பயப்படாதே. நம்ம வண்டியைப் பார்த்தா கொள்ளைக்காரனே பாவப்பட்டு ஏதாச்சும் குடுத்துட்டுப் போவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் அடக்கிய அந்தக் கேம்பர் வேனுக்கு வயது இருபத்து மூன்று. மத்தியானம் அதன் ஏசி உயிரை விட்டிருந்தது. வெளியே வெயில் நூற்றுப் பதினான்கு டிகிரி!

எலோய் டூசானில் முப்பத்திரண்டு வருஷம் ஏர் கூலர் ரிப்பேர் செய்தவர். போன மாதம்தான் ஓய்வு. ரமோனா பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யூட்டாவின் சிவப்புப் பாறை, நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போதே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தப் பயணத்தில் எந்தக் கூலரையும் தொடக் கூடாது!

அப்படியும் நியூ மெக்சிகோவில் ஒரு சர்ச் கூலருக்கு பெல்ட் மாற்றினார். கேட்டால், "அது சாமி காரியம்" என்றார்.

"எலோய், அதோ மோட்டல்! இன்னிக்கு ஒரு நிஜக் கட்டில்ல படுக்கலே... நான் உன்னை விவாகரத்து பண்ணிடுவேன்."

"இந்த வயசுலயா?"

"வயசு பார்த்தா விவாகரத்து பண்ணுவாங்க?"

வேன் திரும்பியது.

'கள்ளிப்பூ மோட்டல். 1987 முதல் ஒரே குடும்பம்' என்றது போர்டு. வாசலில் ஒரு வண்டி கூட இல்லை.

ஆபீஸ் கதவைத் தள்ளினார்கள்.

குப்பென்று முகத்தில் அடித்தது ஆவி!

"அம்மாடி! தமாலே கொழுக்கட்டை அவிக்கிற பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கே!" என்றாள் ரமோனா.

கூரைமேல் கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் ஆறடிக்கு மேல் இருந்தான். நனைந்த சட்டை. வலது கை முட்டியில் தோல் பிய்ந்து ரத்தம்.

அவர்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"ரூம் இல்லே!"

ரமோனா அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். பன்னிரண்டு ஆணி. பன்னிரண்டு சாவி.

"அத்தனை சாவியும் தொங்குதே, தம்பி?"

"அது... எல்லாம் புக் ஆயிடுச்சு. நீங்க... நீங்க ரெண்டு பேருமா? வேன்லயா வந்தீங்க?"

"இல்லே, ஒட்டகத்துல," என்றார் எலோய். அவர் கண் முழுக்கக் கூரைமேலேயே இருந்தது. "சார், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கே?"

"கூலர் ஓடுறப்போ ஜன்னலைத் திறந்து வெப்பாங்களா? குளிர்ச்சி வெளியே போயிடாது?"

எலோய் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

மனைவி எலோயைப் பார்த்தாள்.

"சரி தம்பி. வர்றோம்," என்றாள் ரமோனா, பல்லெல்லாம் தெரிய.

வெளியே வந்ததும் எலோய் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"ரமோனா... அவன் இந்த ஊர்க்காரனே இல்லே!"

"எனக்கும் அதான் தோணுச்சு."

"கூலர் ஈரக் காத்தை உள்ளே தள்ளும். அது வெளியே போக ஜன்னல் திறந்திருக்கணும். இல்லேன்னா வேக வெச்சுடும். இங்கே அஞ்சு வயசுக் குழந்தைக்குத் தெரியும்! எண்பத்தேழுலேருந்து மோட்டல் நடத்துறவனுக்குத் தெரியாதா?"

"உயரமா வேற இருக்கான். கையில ரத்தம்..."

"அப்போ நிஜ ஓனர் எங்கே?"

பதில் கட்டடத்தின் பின்னாலிருந்து வந்தது.

தட்... தட்... தட்...

ஓசைப்படாமல் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்கள். பொட்டல் வெயிலில் ஒரு பழைய இரும்புக் கன்டெய்னர். கதவில் தாழ்ப்பாள். தாழ்ப்பாளின் வளையத்தில் ஒரு கடப்பாரையைச் செருகி இறுக்கியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து தேய்ந்துபோன ஒரு குரல்.

"தண்ணி... யாராச்சும்... தண்ணி..."

 வெயிலில் மயங்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளை மடியில் போட்டவள் ரமோனா.

"வெளியவே நூத்திப் பதினாலு, எலோய். அதுக்குள்ள நூத்தம்பதுக்குக் குறையாது. அரை மணி தாங்கமாட்டான். செத்துடுவான்!"

"போன்?"

"செத்துக் கிடக்கு. டவுனுக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். நாமதான் திறக்கணும். நீ உள்ளே போய் அவனைப் பேச்சுல பிடிச்சு வை."

"என்னத்தைப் பேசறது?"

ரமோனா பெருமூச்சு விட்டாள்.

"போய்... அவன் கூலரை ரிப்பேர் பண்ணு."

எலோயின் முகம் கல்யாணத்தன்று கூட அப்படி மலர்ந்ததில்லை.

"நிஜமாவா? நீயாத்தான் சொல்றியா?"

"யோவ்! போய்யா!"

டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு துள்ளி ஓடினார். அடுத்த நிமிஷமே ஆபீசுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "சார், ரூம் வேண்டாம். இந்தக் கூலர் சத்தத்தைக் கேட்டுட்டு நான் போனா எனக்குத் தூக்கம் வராது. அஞ்சே நிமிஷம்..."

ரமோனா கடப்பாரையைப் பிடித்தாள். கை சுட்டது. முந்தானை இல்லாத குறைக்குத் தொப்பியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள். வரவில்லை. கதவில் காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

க்ரீச்ச்!

கதவு திறந்தது. ஒருவன் அவள் காலடியில் குப்புற விழுந்தான்.

தோள்பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அவன் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். நாடி பிடித்தாள். தறிகெட்டு ஓடியது... ஆனால் ஓடியது. உயிர் இருக்கிறது!

"மெதுவா குடிங்க. நீங்கதானே ஓனர்?"

அவன் ஒரு விநாடி அவளைப் பார்த்தான்.

"ஆமா... நான்தான்... ஓனர்."

"உள்ளே நிக்கறவன் கொள்ளைக்காரன்?"

"ஆமா ஆமா... கொள்ளைக்காரன்."

"உங்களை இங்கே அடைச்சுட்டு ஓனர் மாதிரி நடிக்கறான்?"

"நேர்ல பார்த்த மாதிரியே சொல்றீங்களே, அக்கா!"

ரமோனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சோம் தெரியுமா? கூலர் ஓடுது, ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கான்!"

"ஏன்... சாத்தினா என்ன?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் எழுந்தான். எழுந்தான்... எழுந்துகொண்டே இருந்தான். ஆபீசில் நின்றவனைவிட நாலு விரற்கடை உயரம். பாட்டிலைக் கீழே எறிந்த கையில் இப்போது ஒரு கத்தி இருந்தது.

அடப்பாவி! என் கையாலேயே திறந்துவிட்டேனே!

"வேன் சாவி!"

"எ... எடுத்துக்கோ. வண்டியிலேயேதான் இருக்கு."

"மெயின் ரோட்ல போலீஸ் வரும். வேற வழி இருக்கா? பொய் சொன்னே... உள்ளே இருக்கானே உன் புருஷன், முதல்ல அவனுக்குத்தான் குத்து!"

எலோய்! அந்த மனுஷன் உள்ளே நின்று பெல்ட்டைப் பற்றி லெக்சர் அடித்துக்கொண்டிருப்பார். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்த மனுஷன். 

கையை நீட்டினாள். 

"அந்த... மண்ரோடு தெரியுதா? டயர் தடம் இருக்கு பாரு. ஒன்பது மைல். நேரா ஹைவேல போய்ச் சேரும். நடுவுல மணலா இருக்கும், நிறுத்திடாதே... நல்லா அழுத்திப் பிடி!"

ஓடினான். வேன் உறுமியது. புழுதி கிளம்பியது.

ரமோனா ஆபீசுக்குள் பாய்ந்தாள்.

"எலோய்! நாம தப்புப் பண்ணிட்டோம்! இவர்தான் நிஜ..."

அப்படியே நின்றாள்.

எலோய் சுவரோரம் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். அவர் கழுத்தில் அவருடைய ஸ்க்ரூடிரைவரே இருந்தது! பிடித்திருந்தவன் அவரைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தான்.

"அசையாதீங்க! அவனைத் திறந்து விட்டுட்டீங்களா? எனக்குத் தெரியும்! நான் இந்த ஆபீஸ் போன்ல கூப்பிட்டப்பவே போலீஸ்காரம்மா சொன்னாங்க... ‘அவன் கூட்டாளிங்க ஒரு ஆணும் பெண்ணும் வேன்ல சுத்தறாங்க, யார் வந்தாலும் வாயைத் திறக்காதீங்க’ன்னு!"

"கொள்ளைக்காரியா? நானா?" ரமோனாவுக்கு அந்த நிலைமையிலும் கோபம் வந்தது. "முதல்ல நீ யாருய்யா?"

"ஹோவர்ட் க்ளைன்! ஓனர்! ஒஹாயோலேருந்து வந்து இதை வாங்கி மூணு வாரம் ஆச்சு. போர்டை இன்னும் மாத்தலே!"

"ஒஹாயோவா!" என்றார் எலோய், கழுத்தை ஆட்டாமல். "அங்கே ஏது இந்தக் கூலர்? அதைச் சொல்ல மாட்டீங்களா சார் முதல்லயே!"

வாசலில் சைரன் வந்து நின்றது.

போலீஸ் டெபுட்டி லூசெரோ உள்ளே வந்தாள். ஸ்க்ரூடிரைவரை வாங்கி மேஜைமேல் வைத்தாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தியதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ஜோடியை இப்போ கொஞ்ச நேரம் முன்னாடிதான் பிடிச்சாங்க, மிஸ்டர் க்ளைன். இவங்க இல்லே. இந்த மூணாமவனை எங்கே அடைச்சீங்க?"

"கன்டெய்னர்ல. ஒளியறதுக்கு அவனேதான் உள்ளே போனான். நான் சாத்தி, கை பிய்யப் பிய்யக் கடப்பாரையைச் செருகிட்டேன்!"

லூசெரோவின் முகம் மாறியது.

"அந்த இரும்பு டப்பாவுலயா? இந்த வெயில்லயா? எவ்வளவு நேரமா?"

"ஒரு... முக்கால் மணி."

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான் கைது பண்ண வேண்டிய ஆள் நீங்க. கொலைக் கேஸ்ல! இந்த அம்மா அவன் உயிரை மட்டுமில்லே... உங்களையும் காப்பாத்தியிருக்காங்க."

ஹோவர்ட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியது. ரமோனாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.  

"சரி, எந்தப் பக்கம் போனான்?"

"பின்னாடி மண்ரோடு," என்றாள் ரமோனா. "நல்லா அழுத்திப் பிடின்னு சொன்னேன்."

"அந்த வறண்ட ஓடைக்கா? அஞ்சு டன் வண்டியை எடுத்துக்கிட்டா?" டெபுட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது குட்டி மணல் வண்டி ஓட்டற தடமாச்சே!"

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். ஜீப்பின் பின்சீட்டில் விலங்கோடு அவன்.

"அச்சு வரைக்கும் புதைஞ்சு கிடக்கு வண்டி. அழுத்த அழுத்த உள்ளே போயிருக்கு. கூரைமேல ஏறி நின்னு என்னைப் பார்த்துக் கையை ஆட்டறான்!"

அவன் ஜீப் ஜன்னல் வழியாக ரமோனாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"உன்னை நம்பித்தானே வழி கேட்டேன்!"

எலோய் மனைவியின் தோளில் கை போட்டார்.

"கேட்டுக்கிட்டியா? முப்பத்தெட்டு வருஷமா ‘இறங்கி வழி கேளு, இறங்கி வழி கேளு’ன்னு என் உயிரை எடுத்தியே... இதுக்குத்தான் நான் எவன்கிட்டயும் கேக்கறதே இல்லே!"