தோளில் இரண்டு தட்டு

பின்னால் உட்காருபவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் மேலே மடக்கி, வேலிக் கம்பியால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. ஓரினின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மற்றபடி குறை சொல்ல இடமில்லை. கருஞ்சிவப்பு டேங்க் பளபளவென்று இருந்தது, சைலன்சரில் முகம் பார்த்துத் தலை சீவலாம், டயரில் தேய்மானம் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய க்ரூஸர் பைக்குக்குப் பின்சீட் இல்லை. சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புத் தகடும் போல்ட் ஓட்டைகளும் இருந்தன.

காணாமல் போன சீட் தூரத்தில் இல்லை. கராஜின் உள்சுவரில், முதுகுச் சாய்வோடு சேர்ந்து ஓர் ஆணியில் தொங்கியது. அடுத்த ஆணியில் பெண்கள் போடுகிற கையுறை. சிவப்புத் தோல், இடது கைக்கு உரியது. ஜோடி இல்லை.

“இது ஒத்தை ஆளு வண்டி” என்றார் வெர்னன். எழுபதைத் தாண்டிய சோள விவசாயி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தப் பக்கம் அவர் வீட்டைத் தவிரக் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு கூரை இல்லை. “நீங்க மட்டும் ஓட்டறதுன்னா தரேன். சீட்டு சுவத்துலயே இருக்கட்டும். அதுக்கும் சேத்து விலையக் குறைச்சுக்கறேன்.”

“பின்சீட்டுக்காகத்தாங்க வந்ததே” என்றான் ஓரின்.

அவன் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையைப் பக்கத்தில் நின்ற மனைவி மார்லிஸிடம் அவன் சொன்னதே இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் சரளைக்கல் வளைவு ஒன்றில் அவன் பைக்கைச் சரித்துவிட்டான். மார்லிஸின் முழங்கால் உடைந்தது. முழங்கால் சேர்ந்துவிட்டது, வேறு ஏதோ சேரவில்லை. பைக்கை விற்றார்கள். அதன் பிறகு இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். அவள் சமையலறையில் சாப்பிடுவாள், அவன் தொலைக்காட்சி முன்னால் சாப்பிடுவான். உன் கை என் இடுப்பைச் சுற்றிக் கிடந்த காலம் திரும்ப வேண்டும் என்று கேட்கத் தெரிந்த ஆள் இல்லை அவன். கேட்கத் தெரியாததால் பழைய பைக் விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தான். சாய்ந்துகொள்ள முதுகு உள்ள, அகலமான, பெரிய வண்டியாகத் தேடினான்.

“பாக்க வரேன். ஏறச் சொல்லாத” என்று வரும் வழியில் மார்லிஸ் சொல்லிவிட்டாள். இருந்தாலும் அவளுடைய பழைய ஹெல்மெட்டை அவன் காதும் காதும் வைத்தாற்போல் பிக்கப் வண்டியில் எடுத்துப் போட்டிருந்தான்.

வெர்னன் மார்லிஸை ஒரு முறை பார்த்தார், பிறகு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். ஓரின் சீட்டை இறக்கிப் பூட்டத் தொடங்கினான். வெளியே அறுவடை இயந்திரம் ஒன்று தூரத்தில் முனகிக்கொண்டிருந்தது. காற்றில் உலர்ந்த சோளத் தட்டையின் தூசு மணம்.

“என் சம்சாரம் தெல்மா, என் பின்னாடி உக்காந்து போகாத ஞாயித்துக்கிழமையே கெடையாது” என்றார் வெர்னன், மார்லிஸிடம். “போன வருஷம், இதே அறுப்பு சமயம், பாலத்து வளைவுல ஓடைக்குள்ள விழுந்துட்டா. இன்ஜின் சத்தத்துல எனக்குத் தெரியல. நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, இதோ இந்த எடத்துல ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நின்னேன், அவ எறங்கட்டும்னு. ரொம்ப நேரம் நின்னேன்.”

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரினும் வருத்தம் சொன்னான். ஆனால் கடைசி போல்ட் மரை பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் புத்தியில் பாதி அதில்தான் இருந்தது. போல்ட் பிடித்ததும் குறடால் கம்பியை அறுத்தான். ஒரு பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டை அவன் கையால் இறக்கினான். மறுபக்கத்துக்கு அவன் சுற்றிப் போவதற்குள், கம்பி தளர்ந்ததோ என்னவோ, அது தானாகவே இறங்கி நின்றிருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது வெர்னன் சொன்னது ஒன்றுதான். “கேட்டைத் தாண்டி வலது பக்கமாப் போங்க. இடது பக்கம் பாலம்.” வண்டியின் காகிதங்களை எடுத்துவர அவர் வீட்டுக்குள் போனார்.

ஓரின் வண்டியை வாசலுக்குத் தள்ளிவந்தான். மார்லிஸின் ஹெல்மெட்டை எடுத்து, பிக்கப்பின் பானெட் மேல் அவள் கண்ணில் படும்படி வைத்தான். கடுகு மஞ்சள் கோட்டில் கைகளைச் சொருகிக்கொண்டு அவள் கராஜ் ஓரம் நின்றாள். ஓரின் தன் ஹெல்மெட்டை மாட்டி, அவளுக்கு முதுகு காட்டி ஏறி உட்கார்ந்து இன்ஜினை எழுப்பினான். தரை அதிர்ந்தது. அந்தத் தடதடப்பில் வேறு எந்தச் சத்தமும் மிஞ்சவில்லை. இன்ஜின் சூடேறட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருகிக்கொண்டே இருந்தான்.

ஜோடியாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் அது. சத்தத்தில் பேச முடியாது. அதனால் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் இருப்பவர் தோளில் இரண்டு தட்டுவார், போகலாம் என்று. இறங்கும்போது தோளை ஒரு தடவை அழுத்துவார். ஊருக்கே பொதுவான பழக்கம் என்றாலும், அது தனக்கும் மார்லிஸுக்கும் மட்டுமே சொந்தம் என்று ஓரின் நினைத்துக்கொண்டிருந்தான்.

வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. புதிதாகப் பூட்டிய சீட்டின் தோல் நெளிந்தது. வலது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை அவனுக்குத் தெரியும். திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிவிடுவாள். கண்ணாடியில் பார்த்தான். அதிர்வில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. தன் முழங்கையும் அதற்குப் பின்னால் ஏதோ நிழலும். போதும். இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றி வந்து கோத்துக்கொண்டன. கிளட்சை விட்டான்.

கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பத்தான் நினைத்தான். பின்னால் இருந்த கனம் மெதுவாக, பிடிவாதமாக இடது பக்கம் சாய்ந்தது. மார்லிஸுக்குத் தண்ணீர் பார்ப்பது பிடிக்கும். சரி, உன் இஷ்டம் என்று அவனும் இடது பக்கமே ஒடித்தான்.

சூரியன் தட்டைக்காட்டின் மேல் கை எட்டும் உயரத்தில் நின்றது. அறுத்த வயல்களும் அறுக்காத வயல்களும் மாறி மாறி வந்தன. சூடும் குளிருமாகக் காற்று முகத்தில் மாறி மாறி அடித்தது. நான்கு வருடம் சுமந்த பாரம் இறங்கியது போல் இருந்தது அவனுக்கு. பேச வேண்டும் போலவும் இருந்தது. எதிர்க் காற்றில் வாயைத் திறந்தான்.

“அன்னிக்கு நான் அவ்வளவு வேகமாப் போயிருக்கக் கூடாது. நீ சொன்னே, நான்தான் கேக்கல. மன்னிச்சிரு.”

இதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. கேட்டுவிட்டது. சந்தோஷத்தில் கண் நிறைந்து சாலை மங்கலாயிற்று.

ஓடைப் பாலம் வந்தது. வளைவில் வண்டியைச் சாய்த்தான். பின்னால் இருந்த கனமும் அவனோடு சேர்ந்து, அவன் உடம்பின் ஒரு பகுதி போலச் சாய்ந்தது. அவ்வளவு அழகாகச் சாய்ந்த பிறகுதான் ஏதோ நெருடியது. மார்லிஸுக்கு வளைவில் சாயவே வராது. விறைத்துக்கொள்வாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று இடிக்கும், அதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. இந்த வளைவில் இடிக்கவில்லை. இதற்கு முன் வந்த வளைவிலும் இடிக்கவில்லை.

பாலத்தின் மேல் சேற்று வாடை அடித்தது. அழுகிய இலையும் ஓடைச் சேறும் கலந்த வாடை. பாலம் பின்னால் போனது, வாடை போகவில்லை.

முதுகும் குளிர்ந்துகொண்டிருந்தது. ஒருவர் பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் முதுகு கதகதக்க வேண்டும். அவனுக்கோ நனைந்த துணியை ஒட்டிவைத்தது போல் ஜாக்கெட்டைத் தாண்டிக் குளிர் இறங்கியது.

“மார்லிஸ்?”

கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.

ஒரு வயல் பாதையில் நுழைந்து வண்டியைத் திருப்பினான். நிறுத்தத் தைரியம் வரவில்லை. வேகமாகப் போகவும் வரவில்லை. பாலத்தை மறுபடி கடந்தான். பிறகு வெர்னன் வீட்டுக்கு நேர்க்கோடாகப் போகும் சாலை. மேடு ஒன்றில் ஏறியதும் வீடு தெரிந்தது. வெள்ளைச் சுவர். திறந்த கராஜ். அவர்களுடைய பிக்கப். வாசலில் ஆட்கள்.

இரண்டு பேர்.

ஒருவர் வெர்னன். இன்னொருவர் போட்டிருந்தது கடுகு மஞ்சள் கோட்டு.

வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டான். அக்கம்பக்கத்துப் பெண். இங்கே அக்கம்பக்கமே கிடையாது. அந்தக் கோட்டை வாங்கிக்கொடுத்தவன் அவன்தான். அவள் கையில் காபிக் கோப்பை. பிக்கப்பின் பானெட் மேல் ஹெல்மெட், அவன் வைத்த இடத்தில், வைத்தபடியே.

கீழே பார்க்காதே என்று நினைத்தான். பார்த்தான்.

தன் வயிற்றின் மேல் கோத்திருந்த இரண்டு கைகள். வலது கையில் சிவப்புத் தோல் கையுறை, ஊறி உப்பியிருந்தது. இடது கை வெறுங்கை. நகக்கண்ணில் சேறு.

கத்தவில்லை. கத்தினால் பின்னால் இருப்பதும் ஏதாவது சொல்லும் என்று பயமாக இருந்தது.

கேட். வாசல். வெர்னன் காட்டிய அதே இடம். எப்படி நிறுத்தினான் என்று தெரியாது. இரண்டு காலையும் ஊன்றினான். சாவியைத் திருப்பினான். தடதடப்பு அடங்கியது. சூடான இரும்பு ‘டிக் டிக்’ என்று ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் சீட்டின் தோல் நெளிந்தது.

மார்லிஸ் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கோப்பை சாய்ந்து காபி கோட்டின் மேல் வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தாள். வெர்னன் கையைக் குறுக்கே நீட்டி அவளைத் தடுத்தார்.

“திரும்பாதீங்க. அவ எறங்கற வரைக்கும் அப்படியே இருங்க” என்றார் ஓரினிடம்.

அவர் கராஜுக்குள் போய் ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்துவந்தார். அதை நீட்டிக்கொண்டு, குழந்தையைக் கூப்பிடுவது போல மெதுவாக நடந்துவந்தார். கிழவரின் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் ஓரினுக்குப் பயம் இன்னும் கூடியது.

“தெல்மா. வீடு வந்தாச்சும்மா. எறங்கு.”

ஓரினின் இடுப்பில் பிடி தளர்ந்தது. கோத்த விரல்கள் பிரிந்தன. முதலில் இடது கை பின்னால் போனது, பிறகு வலது கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். தோளில் ஒரே ஓர் அழுத்தல் விழ வேண்டும். அது போதும். எதிரே மார்லிஸ் நின்றாள், பத்தடி தூரத்தில். சொல்ல வேண்டியதை எல்லாம் இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கண்ணின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ உயர்ந்தது. ஈரமான கை ஒன்று வலது தோளில் பட்டது.

தட்டியது.

இன்னொரு முறை தட்டியது.