பன்னிரண்டு பை தாய்ப்பால்

கரண்ட் போய் நான்கு மணி நேரம் ஆகியும் பிரீசருக்குள் சத்தம் நிற்கவில்லை.

மோட்டாரின் உறுமல் இல்லை அது. பூவிழி சமையலறை வாசலில் நின்று, தகரக் கூரையில் விழும் மழையைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். இரண்டு கம்பளிகளும் கணவன் மகேனின் மழைக்கோட்டும் போர்த்தி வைத்த அந்த வெள்ளைப் பெட்டியின் அடியிலிருந்து, ஈரமாக, விட்டு விட்டு, எதையோ உறிஞ்சுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. ஐஸ் உருகுகிறதோ என்று நினைத்ததுமே வயிற்றுத் தையல் சுரீரென்றது.

உள்ளே இருப்பது பன்னிரண்டு பை தாய்ப்பால். குறைமாதத்தில் பிறந்த இரட்டையரில் மூத்தவன் அன்றே போய்விட்டான். இளையவன் ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். காய்ச்சலில் பூவிழிக்குப் பால் வற்றி ஒரு வாரம் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு பைதான் அவன் உயிர். பிள்ளையைப் பார்க்கப் போன மகேன், மலைக்கு ஏறி வரும் தாப்பா பாதையில் மண் சரிந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டான். "என்ன ஆனாலும் மூடியத் திறக்காத. திறக்காம இருந்தா ஒரு நாள் தாங்கும்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தான்.

மதியம் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வந்தாள்.

"பூவிழி, உன் பிரீசர்ல வெச்ச என் கோழிய எடுத்துக்கிறேன்டி. நாறிடும் லா."

"வேணாம்க்கா. இப்ப திறக்க முடியாது."

"பேங்க் லாக்கராடி அது? ஒரு செகண்ட்தானே!"

"வேற கோழி வாங்கித் தர்றேன்க்கா. போயிடுங்க."

"சரி, சரி, பச்ச உடம்பு, அழுவாத." போகத் திரும்பியவள் நின்றாள். "உள்ள பூனை கீனை மாட்டிக்கிச்சாடி? நக்குற சத்தம் கேக்குது." சிரித்துக்கொண்டே குடையை விரித்தாள்.

தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அதுவரை பூவிழி நம்பியிருந்தாள்.

மூத்தவனைப் புதைத்த மூன்றாம் நாள் மண்மேட்டில் பால் ஊற்ற வேண்டியிருந்தது. "உன் பால்ல ஒரு மூடி குடு, போதும்" என்று மகேன் கெஞ்சினான். இருக்கிறவனுக்கே பத்தாதுங்க என்று அவள் கொடுக்கவில்லை. அவன் டின் பாலைத் தண்ணீரில் கரைத்து, தேயிலைச் சரிவுக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன மேட்டில் ஊற்றிவிட்டு வந்தான்.

மூடுபனி ஜன்னலை அடைத்தது. சமையலறையில் டின் பாலின் இனிப்பு வாடை. அதற்குள் ஈர மண் வாடை.

சத்தம் வேகமானது. பை கசங்கும் ஓசை. கொஞ்சம் அமைதி. மறுபடி உறிஞ்சல். மறுபடி பை. அவள் எண்ணினாள். ஐந்து. ஆறு.

கம்பளிகளை இழுத்து எறிந்தாள். மூடியைத் திறந்தாள்.

குளிர்ப்புகை. பாஞ்சாலையின் கோழி அப்படியே இருந்தது. ஆறு பைகள் தட்டையாக, காய்ந்து கிடந்தன. ஏழாவதைச் செம்மண் அப்பிய ஒரு சின்னக் கை பற்றியிருந்தது.

"ராசா." பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். "அத விட்டுடுடா. தம்பிக்குடா அது. அம்மாகிட்ட வா."

சட்டையை அவிழ்த்தாள். பெட்டிக்குள் குனிந்தாள்.

பல் இல்லாத வாய். ஐஸ். இடது மார்பைக் கவ்வியது. வற்றியது சுரந்தது. கை பையை விட்டது.

ஆறு பை மிச்சம். போதும். சின்னவனுக்குப் போதும்.

மேசையில் போன் அடித்தது. மகேன். எட்டவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

வலது மார்பை இன்னொரு வாய் கவ்வியது. அந்தச் சின்னக் கையில் மண் இல்லை; ஆஸ்பத்திரிப் பட்டை இருந்தது.

அந்த வாய் இன்னும் சூடாக இருந்தது.