திரும்பி வராத ஓட்டக் கழகம்

இதைப் படிக்கப்போகும் சிறுவர் சிறுமியர் அனைவரும் முதலில் எழுந்து, நிமிர்ந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஏனென்றால் 1997ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவண்ணாமலை பூந்தோட்டத் தெருவில், மனித குலத்தின் ஆரோக்கியத்தையே மாற்றி அமைக்கப்போகும் ‘அதிகாலை ஓட்டக் கழகம்’ உதயமானது.

சரி, உட்காரலாம். கழகத்தில் மொத்தம் ஆறு பேர்.

தலைவர் அருணகிரி. கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். கழுத்தில் விசில், தலையில் தொப்பி, காலில் வெள்ளை வெளேரென்று ஷூ. ஓட்டத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்கு மூச்சு வாங்கும்.

மற்ற ஐந்து பேரில் ஒருவர் ராமதாஸ். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஜாஸ்தி.

“ஒரு மாசம் பார்ப்போம். கம்மியாகலைன்னா தினமும் ஊசிதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராமதாஸுக்குப் பாம்பு, பேய், மேலதிகாரி எதற்கும் பயமில்லை. ஊசி என்றால் மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். போன தடவை சோதனைக்கு ரத்தம் எடுத்தபோது, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இனியாதான் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அப்பா நசுக்கிய நசுக்கலில் இரண்டு நாள் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. ஆனால் அவளுக்கு வலித்தது கை இல்லை. அவ்வளவு பெரிய அப்பா அழுததுதான்.

அதனால் அப்பா கழகத்தில் சேர்ந்ததும் இனியா நிம்மதியானாள். தினமும் இருட்டோடு கிளம்பிப் போனார். விடிந்ததும் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

“என்னங்க, சட்டையில எண்ணெய் வாசனை அடிக்குது?” என்றாள் அம்மா தனம்.

“ஓடினா கொழுப்பு கரையும் இல்ல? அதோட வாசனை.”

இனியாவும் மோந்து பார்த்தாள். “கொழுப்புல வெங்காயம் இருக்குமாப்பா?”

அப்பா அவசரமாகக் குளிக்கப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் அப்பா ஏறி நின்றார். போன மாதத்தைவிட எடை கூடியிருந்தது.

“மெஷின் பழசு கண்ணு” என்றார் அப்பா. இனியா சிரிக்கவில்லை. டாக்டர் கொடுத்த கெடுவில் பாதி போய்விட்டது.

மறுநாள் காலை, “நானும் ஓட வரேன்” என்று அவளும் கிளம்பினாள்.

கழகம் உண்மையாகவே ஓடியது. கோயில் மதிலைத் தாண்டி, செங்கம் ரோடு வழியாக, மலை சுற்றும் பாதை பிரிகிற முனை வரைக்கும் தொப்பைகள் குலுங்கக் குலுங்க ஓடியது. முனையில் தலைவர் விசில் ஊதினார். எல்லோரும் நின்றார்கள்.

“இப்ப திரும்பி ஓடணும். அதானேப்பா?” என்றாள் இனியா.

யாரும் திரும்பவில்லை. அப்பா தன் செருப்பை உன்னிப்பாகப் பார்த்தார். முனையில் பூ கட்டிக்கொண்டிருந்த ஜோதியம்மாள்தான் பதில் சொன்னாள்.

“எப்படிம்மா திரும்புவாங்க? மலையை வலமாத்தான் சுத்தணும். வந்த வழியே போனா எதிர்ப்பக்கமா சுத்தின மாதிரி ஆயிடும். மொத நாள் உங்க தலைவர் திரும்பி ஓடினாரு. எதிர்ல வந்தவங்க ஒவ்வொருத்தரும் நிறுத்தி, ‘இப்படிப் போவக் கூடாதுங்க’ன்னு சொன்னாங்க. ஒவ்வொருத்தருக்கும் இவரு நின்னு விளக்கம் குடுத்தாரு. வீடு போய்ச் சேர மத்தியானம் ஆயிடுச்சு.”

“அப்ப முழுசா ஒரு சுத்து ஓடிடலாமே?”

“பதினாலு கிலோமீட்டர்” என்றார் தலைவர் அருணகிரி, தொப்பியைச் சரிசெய்துகொண்டே. “கழகம் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.”

“அப்ப எப்படித்தான் வீட்டுக்குப் போறீங்க?”

பஸ்ஸில்தான். பஸ்ஸில் போனால் அது சுற்றுவதாகாது என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு டீக்கடை. அங்கே அப்போதுதான் எண்ணெயிலிருந்து வெங்காய போண்டா மேலே வந்துகொண்டிருந்தது.

“பஸ் வர வரைக்கும் சும்மா நிக்க முடியுமா?” என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். ஒரு கையில் போண்டா. இன்னொரு கையில் ஸ்ட்ராங் டீ, சக்கரை தூக்கலாக.

“ஓடியவனுக்கு ஊட்டம் அவசியம்” என்றார் தலைவர். அவர் வாயிலும் போண்டா இருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை.

பஸ்ஸில் அப்பா மெதுவாகச் சொன்னார். “அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு.”

“சொல்ல மாட்டேன். ஆனா ஊசி போடறப்ப நான் கூட வர மாட்டேம்பா. என்னால பார்க்க முடியாது.”

இறங்கும்போது அப்பா, “எனக்கும் தெரியுது கண்ணு. அங்க போய் நின்னா கை தானா நீளுது” என்றார். 

அன்று பள்ளிக்கூடத்தில் இனியாவுக்குப் பாடம் ஏறவில்லை. முதல் மணி அடித்த பிறகு, வழக்கம்போல மணிமொழி வியர்க்க விறுவிறுக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஊர் அடி அண்ணாமலை, மலைக்கு அந்தப் பக்கம்.

“இன்னிக்கும் லேட்டாடி?”

“நான் என்ன பண்றது? எங்க ஊர் பஸ்ஸு விடிகாலையில டவுன்ல இருந்து வந்து, அப்பால இருக்கற காஞ்சி கிராமம் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பும். அது திரும்பி வரதுக்குள்ள உங்க ஊர்ல மணி அடிச்சிடறாங்க.”

“நடுவுல வேற பஸ்ஸே கிடையாதா?”

“பஸ்ஸா? விடிகாலையில எங்க ஊர்ல டீக்கடையே கிடையாது. பௌர்ணமின்னாதான் சீக்கிரம் தொறப்பாங்க.”

இனியா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். விரலால் மேஜையில் ஒரு வட்டம் போட்டாள். அடி அண்ணாமலை இங்கே. வலமாகவே வந்தால் பூந்தோட்டத் தெரு அங்கே. திரும்பவே வேண்டாம்.

சாயங்காலம் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனாள். “மாமா, முதல்ல பஸ்ல அடி அண்ணாமலைக்குப் போயிடுங்க. அப்புறம் ஓடுங்க.”

“ஓட்டக் கழகம் பஸ்ஸில் போவதா? ஊர் சிரிக்கும்மா.”

“இப்பவும் பஸ்லதானே மாமா வரீங்க.”

தலைவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “இதை நான் ஏற்கெனவே யோசித்துவைத்திருந்தேன்” என்றார்.

மறுநாள் விடிகாலை பஸ் கழகத்தை அடி அண்ணாமலையில் இறக்கிவிட்டுப் போனது. கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு மாடு மட்டும் அசைபோட்டபடி கழகத்தை வரவேற்றது.

“அடுத்த பஸ் எப்போ?” என்றார் அப்பா.

“ஸ்கூல் நேரத்துக்குதாம்பா.”

“டீக்கடை?”

“வீட்டுல அம்மா டீ போடுவாங்க. சக்கரை இல்லாம.”

ஆறு பெரிய மனிதர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லை. ஓடினார்கள். மூச்சு வாங்கியபோது நடந்தார்கள். அடுத்த புளியமரம் வரை ஓட்டம், அதற்கடுத்த புளியமரம் வரை நடை என்று இனியா கணக்கு வைத்தாள். ஷூ கடித்ததால் தலைவர் அதைக் கழற்றி, விசிலோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“மலையை வெறுங்காலோடு சுற்றுவதுதான் முறை” என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

பிறகு தினமும் இப்படித்தான். ஓடுகிற வழியின் முடிவிலேயே வீடு இருந்ததால் கால்கள் தாமாக அங்கே போயின. முதல் தடவையாக அப்பாவின் சட்டையில் வியர்வை வாசனை அடித்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டாள்.

மாதக் கடைசியில் தலைவர் அடி அண்ணாமலையில் பாதைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார். ‘தலைவர் அருணகிரி கண்டுபிடித்த புதிய ஓட்டப் பாதை’ என்று ஒரு தட்டி வேறு. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே, மலை சுற்றி வந்த ஓர் அம்மாள், “யாருப்பா நடக்கற வழியில கயிறு கட்டினது?” என்று ரிப்பனைத் தூக்கி, குனிந்து, போய்க்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே அப்பா தயங்கி நின்றார். இனியா கையை நீட்டினாள். அப்பா பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவ்வளவாக நசுக்கவில்லை.

டாக்டர் முடிவைப் பார்த்தார். “நல்லாவே கம்மியாயிருக்கு. ஊசி வேணாம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கழகம், தலைவர், விசில், பஸ், புளியமரம், ரிப்பன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“நான் உங்களை நடக்கத்தானே சொன்னேன்” என்றார்.