கேமரா அணைந்த பிறகு

கோபுரப் படிக்கட்டின் அடியில் நைஜல் செத்துக் கிடந்தார்.

ப்ரான்வென் கைதட்டினாள்.

பஸ் டிரைவர் கெல்வின் விசிலடித்தான். "நடிப்புன்னா இதான்ப்பா. மூச்சைக்கூட விட மாட்டேங்கறார் பாரு."

பல் டாக்டர் க்ளைவ் இருவருக்கும் பின்னால் நின்றிருந்தார்.

நர்ஸ் குனிந்து நைஜலின் கழுத்தைத் தொட்டாள். அலறினாள்.

அந்த அலறலுக்கும் கைதட்டல் கிடைத்தது!

ஸ்காட்லாந்தின் மலைக்காட்டில், மழை ஓயாத பழைய கோட்டை அது. 'நரி வேட்டை' என்ற டி.வி. விளையாட்டின் படப்பிடிப்பு. போட்டியாளர்களில் ஒருவர் மட்டும் ரகசிய நரி. நரி தினமும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கதவில் சிவப்பு ஸ்கார்ஃபைக் கட்டும். கட்டிவிட்டால் அவர் 'கொலை' செய்யப்பட்டதாகக் கணக்கு. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நைஜல் வீட்டுக்குப் போகவில்லை. சிவப்பு ஸ்கார்ஃப் அவர் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் இஷ்பெல் வந்து இறங்கியபோது போட்டியாளர்களின் காலைக் கஞ்சி ஆறிப்போயிருந்தது. சார்ஜென்ட் ஃபெர்கஸ் குடையைப் பிடித்தான்.

"கழுத்து முறிஞ்சிருக்கு மேடம். சட்டைல ரெண்டு பொத்தான் பிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சுத் தள்ளியிருக்காங்க."

"போட்டியாளர்கள் என்ன சொல்றாங்க?"

"என் தொப்பியைத் தொட்டுப் பார்த்துட்டு, எங்க வாடகைக்கு எடுத்தீங்கன்னு கேட்டாங்க."

தயாரிப்பாளர் டாம்சின் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"அவங்க மேல தப்பில்ல மேடம். போன வாரம் ஒரு டாக்டரை அனுப்பி, எல்லாருக்கும் காய்ச்சல் தொத்திடுச்சுன்னு சொல்ல வெச்சோம். அவர் நடிகர். அதுலேர்ந்து யார் வந்தாலும் நம்பறதில்ல."

"இது உங்க ரூல்ல இருக்கா?"

"நாங்க ஏமாத்தலாம், மேடம். கையெழுத்து வாங்கியிருக்கோம்."

இஷ்பெலுக்கு எரிச்சல் மண்டியது. "அவங்களுக்கு என்னதான் ரூல்?"

"கேமரா ஓடும்போது என்ன பொய் வேணா சொல்லலாம். கேமரா நின்னா ஆட்டத்தைப் பத்தி மூச்சு விடக் கூடாது." தயங்கினாள். "நேத்து அதுல ஒரு தகராறு. க்ளைவும் அவர் தங்கச்சி ஹெதரும் சேர்ந்துதான் விளையாட வந்தாங்க. நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, நரின்னு சந்தேகப்படற ஆளை வெளியேத்த ஓட்டெடுப்பு. ஹெதர்தான் நரின்னு க்ளைவே ஓட்டுப் போட்டார். அவ நரி இல்ல. போகும்போது, இனிமே நீ எனக்கு அண்ணனே இல்லைன்னுட்டுப் போனா. க்ளைவ் நைஜலைப் பார்த்து, கேமரா இல்லாதப்போ சொன்னியேடான்னு கத்தினார்."

"அந்தக் காட்சி இருக்கா?"

"எடிட்டிங்ல வெட்டிட்டோம்..."

விசாரணைக்குக் கிடைத்தது ஒரே ஒரு அறை. சுவரில் மான் தலை. நடுவில் நாற்காலி. எதிரே கேமரா. போட்டியாளர்கள் தினமும் தனியாக வந்து மனதில் உள்ளதைக் கொட்டும் அறை அதுதான். இங்கே பேசுவது அடுத்தவர் காதுக்குப் போகாது. அதனால் இங்கே யாரும் பொய் சொல்வதில்லை.

முதலில் ப்ரான்வென். வேல்ஸில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறவள். உட்கார்ந்ததும் லென்ஸைப் பார்த்துத் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"நைஜல் கையில இருந்த ஸ்கார்ஃப் யாரோடது?"

"என்னோடதுதான் தங்கம். நான்தான் அவரைக் கொன்னேன்."

ஃபெர்கஸின் பேனா நின்றது.

"ஏன்?"

"ரொம்ப மூளைக்காரர். விட்டுவெச்சா என் கழுத்துக்குக் கத்தி வந்துடும். கொன்னுட்டு நிம்மதியாத் தூங்கினேன்."

"இது நிஜமான சாவும்மா. நான் நிஜமான போலீஸ்." இஷ்பெல் அடையாள அட்டையை நீட்டினாள்.

ப்ரான்வென் அதை வாங்கிப் புரட்டினாள். "போட்டோ நல்லா வந்திருக்கு தங்கம். போன வாரம் வந்த டாக்டர்கூட கார்டு வெச்சிருந்தார்."

அடுத்து கெல்வின். "நான் யோக்கியன் மேடம். அது கிடக்கட்டும், நீங்க எந்த சீரியல்ல வர்றீங்க? மூஞ்சி பார்த்த மாதிரி இருக்கு." லென்ஸைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான்.

கடைசியாக க்ளைவ். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வக்கீல் வராம நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், மேடம்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

"ஒரு ஆளாவது ஒழுங்கா நடந்துக்கிட்டார்," என்றான் ஃபெர்கஸ். "சரி மேடம், ப்ரான்வெனை ஏத்திடலாமா? வாக்குமூலம் வீடியோவோட இருக்கு. ஸ்கார்ஃப் இருக்கு. எந்த ஜூரியும் விட மாட்டாங்க."

விட மாட்டார்கள்தான். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி ஒருத்தி ஆயுள் தண்டனைக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கிறாள்... சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள்!

இஷ்பெல் மான் தலையைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஃபெர்கஸ், ப்ரான்வெனுக்கு விலங்கு மாட்டு. முற்றத்துக்குக் கூட்டிட்டு வா. எல்லா கேமராவையும் அணைக்கச் சொல்லு."

"அவ குத்தவாளின்னு நம்பறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்... இது நியாயமா மேடம்?"

"நியாயம் இல்லதான். மாட்டு."

மழை. முற்றத்தில் போலீஸ் ஜீப். விலங்கோடு வந்த ப்ரான்வென் கழுத்தை வளைத்து வளைத்துக் கேமராவைத் தேடினாள். அவளுக்குக் குஷி தாங்கவில்லை.

தாழ்வாரத்தில் நின்ற க்ளைவின் பக்கத்தில் போய் நின்றாள் இஷ்பெல்.

"வக்கீல் வர்ற வரைக்கும் நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன். நைஜல் விழுந்தது நாடகம்னு நினைச்சவங்க எங்கிட்ட எந்த சீரியல்னு கேட்டாங்க. நீங்க வக்கீல் கேட்டீங்க. நடிகைகிட்ட யாரும் வக்கீல் கேக்க மாட்டாங்க டாக்டர்."

க்ளைவ் மழையையே பார்த்தார்.

"அவளைப் பாருங்க. இன்னும் லென்ஸைத் தேடறா. ஜெயில் கதவு சாத்தின பிறகுதான் அவளுக்குப் புரியும். கேமரா முன்னாடி பொய் சொன்னா ஆட்டம், பின்னாடி சொன்னா துரோகம். நேத்து நீங்க நைஜல்கிட்ட கத்தினது இதுக்குத்தானே? இப்ப இங்க கேமரா இல்ல. நீங்க சும்மா நிக்கறதுக்கு என்ன பேரு?"

ஜீப்பின் கதவு திறந்தது. ப்ரான்வென் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

"நிறுத்துங்க." க்ளைவின் குரல் கரகரத்தது. "அவளை இறக்குங்க."

"சொல்லுங்க."

"'செத்துப்போன என் மகன் மேல சத்தியம், ஹெதர்தான் நரி'ன்னு நைஜல் சொன்னான். கேமரா இல்லாதப்போ. அழுதான் மேடம். நான் நம்பினேன். சாப்பாடு முடிஞ்சதும் படிக்கட்டு மேல மடக்கிக் கேட்டேன். அப்பதான் தன் கதவுல இருந்த ஸ்கார்ஃபை அவுத்துட்டு வந்திருந்தான். கைல ஆட்டிக்கிட்டே சிரிச்சான்... அவனுக்கு மகனே கிடையாதாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சட்டையைப் பிடிச்சேன். தள்ளணும்னு நினைக்கல. தள்ளிட்டேன்."

இஷ்பெல் ஃபெர்கஸைப் பார்த்துத் தலையசைத்தாள்.

விலங்கு கை மாறியது. க்ளைவ் ஜீப்பில் ஏறினார். தாழ்வாரத்தில் கெல்வின் பலமாகக் கைதட்டினான்.

ப்ரான்வென் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து, இஷ்பெலின் காதருகே குனிந்தாள்.

"பாவம் தங்கம், தப்பான ஆளைப் பிடிச்சுட்டீங்க. நரி நான்தான்."